இறக்குக் கூலியை யார் கொடுப்பது?

வாசகர் ஒருவர் கேட்டது, 3 ஆகஸ்ட் 2025

எங்கள் பாட்டி யாருக்கும் போன் போடுவதில்லை. வருகிற போனை எடுத்துப் பேசுவதோடு சரி. அதற்கு ஏன் மாதாமாதம் ரீசார்ஜ்? 2003-லேயே இன்கமிங் இலவசம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டதே. தனியாரில் மிஞ்சியிருப்பது மூன்றே கம்பெனி, போட்டி செத்துவிட்டது, அதனால் கொள்ளையடிக்கிறார்கள். இவ்வளவுதானே விஷயம்?

3 ஆகஸ்ட், இரவு

பாதி சரி. ஆனால் இன்கமிங் இலவசம் என்று 2003-ல் சொன்னது விளம்பரம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது வேறு: கூப்பிடுகிறவர் முழுக் காசையும் கொடுக்கட்டும், அதில் ஒரு பங்கை, போனை எடுப்பவரின் கம்பெனிக்குக் கூப்பிடுகிறவரின் கம்பெனி அனுப்பட்டும். அதாவது உங்கள் பாட்டியின் பங்கை நீங்கள் கட்டினீர்கள். பாட்டிக்கு அது இலவசமாகத் தெரிந்தது.

நான் 2004 முதல் 2016 வரை மணப்பாறையில் ரீசார்ஜ் கடை நடத்தியவன். அதற்கு முன் எஸ்டிடி பூத்தில் சம்பளத்துக்கு இருந்தேன். பொருளாதாரம் படித்தவன் இல்லை, ஆனால் இந்தப் பைசாக் கணக்கு ஏறியும் இறங்கியும் என் கல்லாவில் விளையாடியதை நேரில் பார்த்தவன். நாளை எழுதுகிறேன்.

4 ஆகஸ்ட்

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு ஒரு லாரி வெங்காயம் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு ஆள் நம் இஷ்டம். ஒருவர் அதிகம் கேட்டால் இன்னொருவரைக் கூப்பிடலாம். இறக்குவது அப்படியில்லை. அங்கே இருக்கிற சுமைதூக்கிகள்தான் இறக்க வேண்டும், அவர்கள் சொல்வதுதான் கூலி. நூறு லாரி கம்பெனி போட்டி போட்டாலும் அந்தக் கூலி குறையாது.

போனிலும் இதே கதைதான். உங்கள் நம்பரிலிருந்து என் அம்மாவின் நம்பருக்கு ஒரு கால் போகவேண்டுமென்றால், கடைசியில் அதை மணி அடிக்க வைப்பது அம்மாவின் கம்பெனி மட்டுமே. வேறு வழியே கிடையாது. அந்த வேலைக்கு அது வாங்கும் கூலிதான் டெர்மினேஷன் சார்ஜ். ஐயுசி என்று 2019-ல் டாப்-அப் எல்லாம் விற்றார்களே, அதன் உள்ளே இருந்த சரக்கு இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கம்பெனி சின்னதா பெரியதா என்பது கணக்கே இல்லை. ஆயிரம் வாடிக்கையாளர் வைத்திருக்கும் கம்பெனியும் அந்த ஆயிரம் நம்பருக்கு ஏகபோகம்தான். அதனால்தான் உலகத்தில் பெரும்பாலான நாடுகள் சில்லறை விலையைச் சந்தையிடம் விட்டாலும் இந்த ஒரு கூலியை மட்டும் விடவில்லை.

“போட்டி இருந்தால் குறையும்” என்று எழுதியிருந்தீர்கள். இங்கே தலைகீழ். கம்பெனிகள் வாடிக்கையாளருக்காக அடித்துக்கொள்ளும்போது இறக்குக் கூலியை ஏற்றத்தான் பார்க்கும். ஏனென்றால் அந்தக் காசு எதிராளியின் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. அதை வாங்கித் தன் ஆளுக்குச் சலுகையாகக் கொடுத்தால் தன் பக்கம் கூட்டம் சேரும்.

4 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து

பூத் கதை ஒன்று. 2001 வாக்கில், ஊரில் செல்போன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு மாவுமில் முதலாளி வைத்திருந்தார். அப்போது வருகிற காலுக்கும் அவர்தான் காசு கட்ட வேண்டும். 1995-ல் செல்போன் வந்த புதிதில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை இருந்தது, வரும் காலுக்கும் சேர்த்து. 2001-ல் அவ்வளவு இல்லை, ஆனாலும் வலிக்கும். பூத்திலிருந்து யாராவது அவருக்குப் போட்டால் எடுக்க மாட்டார். மணி அடித்ததும் வெட்டிவிட்டு, மில்லில் இருக்கும் லேண்ட்லைனிலிருந்து எங்கள் பூத்துக்கே திரும்ப அடிப்பார். “ஏம்ப்பா செல்லுக்கு அடிக்கிற, காசு மரத்திலயா காய்க்குது?”

வாங்குகிறவன் காசு கொடுக்கும் முறையில் போனை அணைத்து வைப்பதுதான் சிக்கனம். போன் இருந்தும் இல்லாத கணக்கு. 2003 மே 1-ம் தேதிக்குப் பிறகு அவர் போனை அணைக்கவே இல்லை. சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

5 ஆகஸ்ட்

“டிராய் எதற்கு நடுவில், கம்பெனிகளே பேசிக்கொள்ளலாமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேசிப் பார்த்தார்கள். 2003 ஜனவரியில் செல் கம்பெனிகள், லேண்ட்லைன் உரிமத்தில் கம்பியில்லாமல் ஓடிய டபிள்யூஎல்எல் போன்களிலிருந்து வந்த கால்களைத் தடுத்து நிறுத்தின. எங்கள் வாசலில் இறக்குகிறாய், கூலி எங்கே என்பதுதான் சண்டை. புதிதாக அந்த போன் வாங்கியவர்களுக்கு செல் நம்பருக்குக் கால் போகவில்லை. டிராய் தலையிட்ட பிறகுதான் திறந்தார்கள். பேச்சுவார்த்தை என்று விட்டால் இதுதான் நடக்கும். வாசலைப் பிடித்திருப்பவன் அவசரப்பட மாட்டான், வெளியே நிற்பவன்தான் பதறுவான்.

அதன் பிறகு எல்லாருக்கும் ஒரே கூலி, நிமிடத்துக்கு 30 பைசா என்று 2003 மே மாதத்திலிருந்து வைத்தார்கள்.

5 ஆகஸ்ட், இரவு, திருத்தம்

மேலே கடைசி வரி தப்பு. மே 2003-ல் வந்த முதல் ஏற்பாட்டில் காலின் வகைக்குத் தகுந்தாற்போல வெவ்வேறு பைசா. ஒரே சீராக 30 பைசா ஆனது 2004 பிப்ரவரி 1 முதல். அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

6 ஆகஸ்ட்

இந்த 30 பைசாவின் அருமை புரிய வேண்டுமானால் லைஃப்டைம் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2005 கடைசியிலும் 2006-லும் கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் போட்டது. 999 ரூபாய் ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங். என் கடையில் அந்தக் கார்டுக்குப் பொங்கல் சமயத்தில் கூட்டம் தாங்கவில்லை. எனக்கு அப்போது புரியவே இல்லை, இவன் எப்படிக் கட்டுப்படியாகிறான் என்று. டிஸ்ட்ரிபியூட்டர் ஆள் ஒருவரிடம் கேட்டேன். “அண்ணே, கார்டு வாங்குறவங்க பேசவே வேண்டாம். அவங்களுக்கு மத்தவங்க பேசினா போதும்” என்றார்.

அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. டாப்-அப்பே போடாத ஒரு கிழவி கம்பெனிக்குச் சுமை இல்லை. அவளுக்குத் துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் அடிக்கிற ஒவ்வொரு நிமிடமும் வருமானம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவியைக் கம்பெனி மகாராணி மாதிரி வைத்துக்கொண்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 30 பைசா அடுத்த கம்பெனிக்குப் போகிறதென்றால், வெளி நெட்வொர்க்குக்கு நிமிடம் 30 பைசாவுக்குக் கீழே விற்றால் கைக்காசு போகும். அதுவே சில்லறை விலைக்குத் தரை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தன் நெட்வொர்க்குக்குள் பேசினால் அந்தத் தரை இல்லை, பத்து பைசாவுக்கும் கொடுக்கலாம். ரேட் கட்டர் கார்டு எல்லாம் நினைவிருக்கிறதா? “சேம் டு சேம் பத்து பைசா, அதர்ஸ் ஐம்பது பைசா.” இதனால் என்ன ஆனது? குடும்பமே ஒரே கம்பெனிக்கு மாறியது. காதலிப்பவர்கள் அவரவர்க்கு ஒரு சிம் கூடுதலாக வாங்கினார்கள். பெரிய கம்பெனிக்கு இது கொழுத்த லாபம், புதிதாக வருபவனுக்கு மூச்சுமுட்டும். புதியவனிடம் வாடிக்கையாளர் குறைவு, அதனால் அவன் ஆட்கள் பேசுவதெல்லாம் வெளியேதான், ஒவ்வொரு நிமிடத்துக்கும் எதிராளிக்குக் கப்பம்.

7 ஆகஸ்ட்

என் தங்கை மகன் எம்.ஏ. பொருளாதாரம். இதைப் படித்துவிட்டு போன் செய்தான். “மாமா, நீங்க சொல்றதைத்தான் லஃபோன், ரே, டிரோல்னு மூணு பேர் 1998-ல கணக்கா எழுதி வெச்சிருக்காங்க. டிரோலுக்கு 2014-ல நோபல் வேற.” சந்தோஷம். நோபல் எனக்கு வேண்டாம், 2006-ல் என்னிடம் கடனுக்கு ரீசார்ஜ் செய்த ஆசாமிகள் பாக்கியைக் கொடுத்தால் போதும்.

அவன் சொன்ன ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன். இரண்டு கம்பெனிகள் “நீ எனக்கு முப்பது, நான் உனக்கு முப்பது” என்று சமமாகப் பேசி உயர்த்தி வைத்துக்கொண்டால், கொடுக்கல் வாங்கல் சரியாகி யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இரண்டு பேரும் விலை குறைக்காமல் இருக்க அது நல்ல சாக்கு. ரகசியமாகக் கூடிப் பேசவே வேண்டாம், ஒப்பந்தத்திலேயே கூட்டு ஒளிந்திருக்கிறது. அதே சமயம், மாத வாடகை மாதிரி தொகை வாங்கி உள்ளே ஒரு விலை வெளியே ஒரு விலை வைத்தால், குறைந்த கூலிதான் கம்பெனிகளுக்கு லாபம் என்று இன்னொரு ஆய்வு வந்ததாம். பொருளாதார நிபுணர்கள் ஜோசியக்காரர்கள் மாதிரி, எந்த ஜாதகத்துக்கும் பலன் உண்டு.

9 ஆகஸ்ட்

2009 ஏப்ரல் 1 முதல் கூலி 20 பைசா ஆனது. ஜூன் மாதம் டாடா டோகோமோ வந்து நொடிக்கு ஒரு பைசா என்றது. நிமிடம் அறுபது பைசா. அடுத்தவனுக்கு இருபது கொடுத்தால் நாற்பது மிச்சம். ஒரே மாதத்தில் எல்லாக் கம்பெனியும் நொடிக் கணக்குக்கு வந்துவிட்டதாக என் நினைவு. (மகன் சொல்கிறான், ஒரே மாதம் இல்லை, சில மாதம் ஆனது என்று. இருக்கலாம்.) கடையில் அந்த மழைக்காலம் முழுக்க சிம் விற்றது தவிர வேறு வேலை இல்லை.

அந்த 20 பைசா டிடிசாட் என்ற தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டிராயின் ஒழுங்குமுறை விதிகளை டிடிசாட் விசாரிக்க முடியாது என்று 2013 டிசம்பரில் தீர்ப்பு. வக்கீல்களுக்கு முக்கியம், நமக்கு இது போதும்.

2015 மார்ச் 1 முதல் 14 பைசா. அதோடு லேண்ட்லைன் சம்பந்தப்பட்ட கால்களுக்குப் பூஜ்யம். இதை அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆனால் பூஜ்யம் என்ற யோசனை வீட்டுக்குள் நுழைந்தது இந்தக் கொல்லைப்புற வழியாகத்தான்.

10 ஆகஸ்ட்

ஜியோ பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர். வருகிறேன், இப்போதிருக்கும் கடையில் ஜெராக்ஸ் மெஷின் மக்கர்.

10 ஆகஸ்ட், இரவு

2016 செப்டம்பர் 5. பேச்சு இலவசம் என்று ஜியோ இறங்கியது. வாடிக்கையாளருக்கு இலவசம்; ஆனால் வெளி நெட்வொர்க்குக்குப் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஜியோ 14 பைசா கொடுத்தாக வேண்டும். எல்லாரும் புதிதாக வாங்கிய இலவச சிம்மிலிருந்து பழைய சிம்காரர்களுக்கு அடித்துத் தள்ளினார்கள். கால் வெள்ளம் ஒரே திசையில்.

இங்கே பாருங்கள், வாசல்காரன் கூலியை ஏற்ற முடியாது, டிராய் கட்டிப்போட்டிருக்கிறது. அப்புறம் என்ன செய்வான்? வாசலைக் குறுக்கலாம். நெட்வொர்க்குகள் சேருமிடத்தில் எத்தனை இணைப்பு கொடுப்பது என்பதில் பெரிய சண்டை. கால் போகவில்லை, போகவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு. மூன்று பழைய கம்பெனிகளுக்குச் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போடச் சொல்லி 2016 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. புதிய கம்பெனி போதிய முன்னறிவிப்பு இல்லாமல் வெள்ளத்தைத் திறந்துவிட்டது என்பது அவர்கள் பக்க வாதம். போட்டி ஆணையமும் இதை விசாரிக்க வந்தது. முதலில் டிராய் தன் வேலையை முடிக்கட்டும், பிறகு நீங்கள் வாருங்கள் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது.

விலையை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கூலியை நீ நிர்ணயித்தால், எத்தனை ஆள் வேலைக்கு வருவார்கள் என்பதை நான் நிர்ணயிப்பேன்.

2017 அக்டோபர் 1 முதல் 14 பைசா ஒரே வெட்டில் 6 பைசா. 2020 ஜனவரி முதல் பூஜ்யம். கணக்குப் போட்ட முறை எனக்குப் பிடித்தது: வெளியிலிருந்து வரும் கால்கள் வராமலே இருந்தால் கம்பெனிக்கு எவ்வளவு செலவு மிச்சமாகும்? அந்த மிச்சம் மட்டும்தான் கூலி. டவரும் அலைக்கற்றையும் ஆபீஸும் எப்படியும் இருக்கத்தான் போகிறது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐரோப்பாவில் 2009-லேயே இந்த முறையைத்தான் பரிந்துரைத்தார்கள். பழைய கம்பெனிகள் கத்தியதில் ஆச்சரியமில்லை. அப்படியானால் டவர் காசை யாரிடம் வாங்குவது?

11 ஆகஸ்ட், திருத்தம்

2020 ஜனவரி என்பது 2017 உத்தரவில் இருந்தது. நடந்தது 2021 ஜனவரி 1-ல். நடுவில் 2019 டிசம்பரில் ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். கால் போக்குவரத்து இன்னும் இரு பக்கமும் சமமாகவில்லை என்பது காரணம். சுட்டிக்காட்டியவருக்கு ஒரு டீ.

11 ஆகஸ்ட்

2019-ஐ விட்டுவிட்டுப் போக முடியாது, அது என் வீட்டுக் கதை.

அந்த வருடக் கடைசியில் கம்பெனிகளுக்குள் மணி அடிக்கும் நேரம் குறித்து ஒரு கூத்து. வழக்கமாக நாற்பத்தைந்து நொடிவரை அடிக்கும். அதை இருபத்தைந்து அளவுக்குக் குறைத்தார்கள். ஏன்? என் போனிலிருந்து நான் கூப்பிட்டு, எதிராளி எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டால் அது மிஸ்டு கால். எதிராளி திரும்பக் கூப்பிடுவார். இப்போது கால் அவருடையது, 6 பைசா கொடுப்பது அவருடைய கம்பெனி, வாங்குவது என் கம்பெனி. மணியைச் சுருக்கினால் பணத்தின் திசை மாறுகிறது! ஒருவர் குறைக்க, மற்றவர்களும் பதிலுக்குக் குறைத்தார்கள். கடைசியில் மொபைலுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி என்று டிராய் விதி போட்டது. மணி எத்தனை நொடி அடிக்க வேண்டும் என்று ஒரு அரசு அமைப்பு உட்கார்ந்து விதி எழுத வேண்டிய நிலை வந்தது இந்த ஆறு பைசாவால்.

என் அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று, முழங்கால் வலி. போன் திண்ணைப் பக்கம் சார்ஜில் இருக்கும், அம்மா கொல்லையில் இருப்பார். நடந்து வருவதற்குள் மணி நின்றுவிடும். எங்கள் இருவர் சிம்மும் எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மூன்றாவது முறையும் எடுக்காததும் பயந்துபோய் பக்கத்து வீட்டுக்கு அடித்தேன். அவர்கள் போய்ப் பார்த்தால் அம்மா சாவகாசமாக, “அது ரெண்டு தடவை கத்திட்டு நின்னுடுதுடா, போனுக்கும் வயசாயிடுச்சு போல” என்றாராம். நான் போன் ரிப்பேர் என்று நினைத்து வேறு போன் வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் பேப்பரில் விஷயம் படித்தேன். ஆறு பைசாவுக்காக எனக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் செலவு.

12 ஆகஸ்ட்

இப்போது உங்கள் பாட்டி.

என் அம்மா கணக்கில் போடுகிறேன். மாதம் முந்நூறு நிமிடம் வரும் கால்கள் என்று வைப்போம், அக்கா ஒருத்தியே பாதியைப் பேசிவிடுவாள். கூலி 14 பைசா இருந்தபோது அம்மா சும்மா இருந்ததற்கு அவர் கம்பெனிக்கு மாதம் 42 ரூபாய். 6 பைசா ஆனதும் 18 ரூபாய். பூஜ்யம் ஆனதும் ஒன்றுமில்லை.

2018 கடைசியில் என்ன நடந்தது? 28 நாளைக்கு 35 ரூபாய் குறைந்தபட்சம் போடாவிட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங்கும் நிற்கும் என்று வந்தது. லைஃப்டைம் கார்டு வாங்கியவர்கள் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். கடையை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் விற்றது நான்தானே. “லைஃப்டைம்னா யாரோட லைஃப்?” என்று ஒருவர் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

42-லிருந்து 18. விட்டுப்போனது 24. கேட்டது 35. இதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. மகாராணி கிழவி திடீரென்று தண்டச்சோறு ஆகிவிட்டாள். கூலியை டிராய் அமுக்கியது, பஞ்சு மூட்டை மாதிரி மறுபக்கம் பாட்டியின் ரீசார்ஜாகப் பிதுங்கியது.

13 ஆகஸ்ட்

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் இரண்டு ஓட்டை.

முதலாவது, 42 ரூபாய் லாபம் இல்லை, வரவு. அந்தக் காலை இறக்கவும் கொஞ்சம் செலவு உண்டு. டிராய் கணக்குப்படி உண்மைச் செலவே 6 பைசாதான் என்றால், 14-ல் 8 பைசாதான் கூடுதல், முந்நூறு நிமிடத்துக்கு 24 ரூபாய். அந்த 24-ம் என் அக்காவின் பில்லிலிருந்து போனது. ஆக, அம்மாவின் இலவசம் அக்காவின் காசு. குடும்பத்துக்குள் பார்த்தால் இடது பையிலிருந்து வலது பைக்கு.

இரண்டாவது, 35 ரூபாய்க்கு வேறு காரணமும் இருந்தது. ஜியோ சண்டையில் பழைய கம்பெனிகள் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தன. இரண்டாவது சிம்மாகப் பையில் கிடந்து ஒரு பைசா தராத கோடிக்கணக்கான நம்பர்களைக் களை எடுப்பதும் நோக்கம். கூலி 14-லேயே இருந்திருந்தாலும் ஏதோ ஒன்று வந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. என் கணக்கு அழகாகப் பொருந்தியது என்பதற்காக அது உண்மையாகிவிடாது.

தங்கை மகனிடம் கேட்டேன். இந்தப் பஞ்சு மூட்டை விவகாரத்தைத் தண்ணீர் மெத்தை என்கிறார்களாம். ஜெனகோஸ், வலெட்டி என்று இருவர் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் விலையை வைத்து 2011-ல் எழுதியது: கூலி பத்து சதவீதம் குறைந்தால் சில்லறை விலை சராசரி ஐந்து சதவீதம் ஏறியது. “பாத்தியா!” என்றேன். “இருங்க மாமா, அதே ரெண்டு பேர் 2015-ல திரும்பப் பாத்தாங்க. லேண்ட்லைன்ல இருந்து வர்ற கால் குறைஞ்சு மொபைல் டு மொபைல் பெருகினதும் அந்த ஏத்தம் கிட்டத்தட்ட காணாமப் போச்சு.” ஏனென்றால் லேண்ட்லைன்காரன் கூலியைக் கொடுத்துக்கொண்டே இருந்தான், திரும்ப வாங்கவில்லை. மொபைல் கம்பெனிகளுக்குள் அது போய்ப்போய் வருகிறது. சரி, தோற்றேன், பாதி.

14 ஆகஸ்ட்

ஷார்ஜாவிலிருந்து என் தம்பி எழுதச் சொன்னது. உள்ளூர் கூலி பூஜ்யம் ஆனது, வெளிநாட்டிலிருந்து வரும் காலுக்கு ஆகவில்லை. 2020 மே முதல் நிமிடத்துக்கு 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் நடுவில் கம்பெனிகள் பேசிக்கொள்ளலாம். அங்கே வாட்ஸப்பில் பேச முடியாது, பாட்டிம் மாதிரி அங்கே அனுமதித்த ஆப்பில்தான் பேச வேண்டும், இல்லையென்றால் நேர் கால்.

உள்ளே பூஜ்யம், வெளியே 35 என்று வித்தியாசம் இருந்தால் அங்கே எலி நுழையும். சிம் பாக்ஸ் என்பது அதுதான். வெளிநாட்டுக் காலை இன்டர்நெட் வழியாக இங்கே கொண்டுவந்து, நூறு சிம் சொருகிய ஒரு பெட்டியிலிருந்து உள்ளூர்க் கால் மாதிரி விடுவது. தம்பி பேசும்போது திரையில் ஏதோ சேலத்து நம்பர் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சென்னையில் போலீஸ் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பிடித்ததாக அவ்வப்போது செய்தி வரும்.

14 ஆகஸ்ட், இன்னொன்று

ஐரோப்பாவைப் பார்த்து இந்தியா கற்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு 2021-ல் வந்தது, நிமிடத்துக்கு 0.7 சென்ட். படிப்படியாக இறங்கி 2024 முதல் 0.2 சென்ட். ஒரு யூரோ தொண்ணூறு ரூபாய் என்று வைத்தாலும் 18 பைசா. நாம் 14-க்கு வந்தது 2015-ல். யார் யாரிடம் கற்பது?

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வெகுகாலம் வருகிற கால்களும் வாடிக்கையாளரின் நிமிடங்களில் கழியும். கம்பெனிகளுக்குள் கொடுக்கல் வாங்கலை ஒழித்துவிடலாம் என்று 2011-ல் முடிவெடுத்தார்கள். எங்கள் மாவுமில் முதலாளி அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டியவர்.

16 ஆகஸ்ட்

பூஜ்யம் சரியா தப்பா, நேராகச் சொல் என்கிறார்கள்.

சரி என்றுதான் நினைக்கிறேன். மறுபடி லாரிக்கு வருகிறேன். ஏற்றுக் கூலி அனுப்புகிறவன் கொடுக்கட்டும், இறக்குக் கூலி வாங்குகிறவன் கொடுக்கட்டும், அவரவர் செலவு அவரவர்க்கு என்றால், கூலி அதிகம் கேட்கும் மார்க்கெட்டை விட்டு வாங்குகிறவன் வேறு மார்க்கெட்டுக்குப் போவான். கூலி கொடுப்பவனும் ஆளைத் தேர்ந்தெடுப்பவனும் ஒருவனே ஆகிறான். வாசல்காரனின் பிடி அங்கேதான் தளர்கிறது. அம்மா பேசுவதும் கேட்பதும் இரண்டுமே அவருக்குப் பயன்தானே, கேட்பதற்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன? இன்றைக்கு எந்த நம்பருக்கு அடித்தாலும் ஒரே கணக்கு, சேம் டு சேம் தொல்லை ஒழிந்தது. என் பழைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இரண்டாவது சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பூஜ்ய விதியை எழுதியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். வாங்குகிறவன் கொடுக்கட்டும் என்றால், வாங்குவதற்கு மட்டும் ஒரு விலை கடையில் இருக்க வேண்டாமா? டிராய் மொத்த வியாபாரக் கூலியைப் பைசா பைசாவாக அளந்தது. சில்லறை விலையைக் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விட்டது. ஏர்டெல்லின் அடிமட்ட ரீசார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள்: 2018-ல் 35, 2019 கடைசியில் 45, 2021 ஜூலையில் 79, அதே நவம்பரில் 99, 2023-ல் பல இடங்களில் 155, 2024 ஜூலையில் 199. கடைசியில் இருக்கும் பேக்கில் அளவில்லாத பேச்சும் டேட்டாவும் உண்டு, 35 ரூபாயோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் கிழவிக்கு அந்த டேட்டாவை ஊறுகாய் போடவா?

இங்கேதான் நீங்கள் முதலில் சொன்ன போட்டி வருகிறது. இறக்குக் கூலியைப் போட்டி குறைக்காது. பாட்டியின் பேக் விலையைக் குறைக்கும். மூன்று தனியாரும் ஒரு பிஎஸ்என்எல்லும் இருக்கிற கடைத்தெருவில், காசு தராத பாட்டிக்காக யாரும் அடித்துக்கொள்ளப் போவதில்லை. முன்பு அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் அந்த 30 பைசா. அது அநியாயக் கூலிதான், ஆனால் அவளுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது.

17 ஆகஸ்ட்

டேட்டா இல்லாத பேக் வந்துவிட்டதே என்று நினைவூட்டியவர்களுக்கு: ஆமாம். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனிப் பேக் கொடுக்க வேண்டும், ஒரு வருடம் வரை வேலிடிட்டி வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது, 2025-ல் பேக்குகளும் வந்தன. சில்லறையில் கை வைப்பதில்லை என்று நேற்று எழுதியதை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன். பேக் இருக்க வேண்டும் என்றுதான் விதி, விலை என்ன என்பதில் இல்லை. பாட்டிக்கு அதைப் போடுங்கள். மூன்று மாதப் பேக் இருக்கிறது, மாதாமாதம் அலைய வேண்டாம். கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவராகச் சொல்ல மாட்டார். நானும் அந்தக் காலத்தில் கமிஷன் குறைந்த கார்டை மேசைக்கு அடியில்தான் வைத்திருந்தேன்.

19 ஆகஸ்ட்

அம்மாவிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப நீ எனக்கு அடிச்சா உனக்குக் காசு இல்ல, எனக்கும் காசு இல்ல. அப்புறம் ஏன்டா வாரத்துக்கு ஒரு தடவை அடிக்கிற?” என்றார்.

இதற்கு டிராயிடம் பதில் கிடையாது. இழையை இத்தோடு விடுகிறேன், போன் பேச வேண்டியிருக்கிறது.